லீவைப் போடுவதா, எடுப்பதா? – சொற்ஜோடிகளின் கதை

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். லீவை என்ன பண்ணுவோம்?

எங்க பக்கம் போடுவோம். "நாளைக்கு லீவு போட்டுட்டனுங்க" அப்படின்னுதான் யாரும் சொல்லுவாங்க. இங்கிலீஷ்காரன் லீவைப் போடறதில்லை, 'டேக்' பண்றான், அதாவது எடுக்கறான். அதே லீவை ஸ்கூல் லெட்டர்ல கேட்கும்போது ஹெட்மாஸ்டர் அதை 'கிராண்ட்' பண்ணணும். லீவு ஒண்ணுதான், வினை மட்டும் ஆளுக்கு ஒண்ணு. "ஐ புட் லீவ்" அப்படின்னு ஒருத்தர் சொன்னா இலக்கணத்துல ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. எழுவாய் இருக்கு, வினை இருக்கு, செயப்படுபொருள் இருக்கு. ஆனா கேட்கறவங்க நெத்தி லேசா சுருங்கும்.

ஏன்னு கேட்டா பதில் இல்லை. லீவுக்கு அந்தக் கூட்டாளி, அவ்வளவுதான். இங்கிலீஷ்ல இதுக்கு கொலொகேஷன்னு பேர். தமிழ்ல சொற்சேர்க்கைன்னு சொல்றாங்க. நான் இந்தப் பதிவு முழுக்க 'ஜோடி'ன்னே சொல்றேன், புழங்கற வார்த்தை.

கம்ப்யூட்டருக்கு மொழி சொல்லிக் கொடுக்கற எந்தப் பாடத்தை எடுத்தாலும் முதல் அத்தியாயத்துலயே ஃபிர்த்னு ஒரு பேர் வந்துடும். யார்றா இவர்னு தேடிப் போனா, அவர் லாகூர்ல வாத்தியாரா இருந்தவர். அவருக்கு முன்னாடி இதே விஷயத்தைத் தொட்டவங்க டோக்கியோவுல வாத்தியாருங்க. அவங்க காலத்துலயே டாக்காவுல ஒரு வாத்தியார் வேற ஒரு மூலையில இருந்து தோண்டிட்டு இருந்திருக்கார். லண்டன்ல பொறந்த யோசனைன்னு நினைச்சது, கடைசியில நம்மள மாதிரி ஆளுங்க பெஞ்சுல உட்கார்ந்திருந்த வகுப்பறைகள்ல உருவானது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் பெரிய பதிவு. டீ ஒண்ணு வெச்சுக்கிட்டுப் படிங்க. ஸ்ட்ராங்கா. (டீக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இருக்கு, வரேன் :-))

நமக்கு இது புதுசா?

தமிழ் மீடியத்துல படிச்சவங்க ஞாபகப்படுத்திப் பாருங்க. தமிழ் இரண்டாம் தாள்ல 'மரபுப் பிழை நீக்குக'ன்னு ஒரு கேள்வி வரும். குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், காகம் கரையும். 'குயில் கத்தியது'ன்னு எழுதினா மார்க் போச்சு. அதே மாதிரி கூடை முடைவாங்க, பாய் பின்னுவாங்க, துணி நெய்வாங்க, சுவர் எழுப்புவாங்க, அம்பு எய்வாங்க. மூணு வேலையும் நீளமா இருக்கறதை மேலயும் கீழயும் கோர்க்கற வேலைதான். ஆனா கூடையை நெய்யக் கூடாது, துணியை முடையக் கூடாது.

வானத்துக்கும் இப்படித்தான். மழை பெய்யும், காத்து வீசும், வெயில் அடிக்கும், மின்னல் வெட்டும். யாரும் உட்கார வெச்சு சொல்லித் தரலை, அம்மா பேசிக் கேட்டோம்.

தொல்காப்பியம் இதைத் தொட்டிருக்கு. சொல்லதிகாரத்துல கிளவியாக்கம்னு ஒரு இயல். அதுல ஒரு விதி, எளிமையா சொன்னா இப்படி: பல பொருளைச் சேர்த்துக் குறிக்கற பொதுச்சொல் ஒண்ணு வந்தா, அதுல ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் உரிய வினையை அதோட ஒட்டாதே. உரைக்காரங்க அதுக்கு உதாரணம் தர்றாங்க. அடிசில்னா அதுல கடிக்கறதும் இருக்கு, குடிக்கறதும் இருக்கு, நக்கறதும் இருக்கு. அதனால 'அடிசில் தின்றார்' சரியில்லை, 'அயின்றார்'னு பொதுவா சொல்லணும். இயம்னா இசைக்கருவி. அதுல கொட்டறது, ஊதறது ரெண்டுமே இருக்கறதால 'இயம் ஊதினார்'னு சொல்லக் கூடாது, 'இயம்பினார்'னு சொல்லணும். பெயருக்கு எந்த வினை பொருந்தும்னு இவ்வளவு பழைய நூல் உட்கார்ந்து யோசிச்சிருக்கு.

உடனே "அப்பவே எல்லாம் கண்டுபிடிச்சுட்டோம்"னு மார் தட்ட வேண்டாம். மரபைக் காப்பாத்தறது வேற, ஒரு வார்த்தையோட அர்த்தத்துல பாதி அதோட கூட்டாளியிலதான் இருக்குன்னு சொல்றது வேற. ரெண்டாவதைச் சொல்ல இன்னும் நிறைய நடக்க வேண்டி இருந்தது. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: ஜோடி தப்பினா வாக்கியம் தப்பும்னு தமிழ் வகுப்புல மார்க் போட்டு சொல்லிக் கொடுத்தாங்க. அடுத்த பீரியடு இங்கிலீஷ். அங்க மட்டும் வார்த்தைக்கு எதிரே ஒரு அர்த்தம், அதோட முடிஞ்சது.

எங்க ஊர் ஜோடிகள்

திருப்பூர்ல இருந்து சோமனூர் பக்கம் போற வழியில, நொய்யல் ஓரமா இருக்கு எங்க மங்கலம். ஒரு பக்கம் விசைத்தறி, இன்னொரு பக்கம் பனியன் கம்பெனிக்குப் போற ஜனம். இங்க இங்கிலீஷ் வார்த்தை இல்லாம அரை மணி நேரம் வேலை நடக்காது. கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், செக்கிங், அயர்னிங், பேக்கிங், டையிங், காம்பேக்டிங்.

ஆனா கவனிச்சுப் பாருங்க, வார்த்தைதான் இங்கிலீஷ், கூட்டாளி தமிழ். தறியை 'ஓட்டு'வாங்க, வண்டி மாதிரி. ஓவர்லாக் 'அடி'ப்பாங்க. பிசிர் 'வெட்டு'வாங்க. போன் 'அடி'ப்பாங்க, லெட்டர் 'போடு'வாங்க, லைட்டும் ஃபேனும்கூட 'போடு'வாங்க. மாத்திரையும் 'போடு'வாங்க.

நம்ம 'போடு' ஒரு பெரிய குடும்பஸ்தன். டீ, சட்டை, சண்டை, கையெழுத்து, லீவு, மாத்திரை, லைட்டு, எல்லாத்தையும் அவரே தாங்கறார். இங்கிலீஷ்ல இந்த ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஆள்: டீயை 'மேக்' பண்ணணும், மாத்திரையை 'டேக்' பண்ணணும், லைட்டை 'ஸ்விட்ச் ஆன்' பண்ணணும். 'பண்ணு'வும் அப்படித்தான். தப்பும் பண்ணுவோம், ஹோம்வொர்க்கும் பண்ணுவோம். அவங்க தப்பை 'மேக்' பண்றாங்க, ஹோம்வொர்க்கை 'டூ' பண்றாங்க. "ஐ டிட் எ மிஸ்டேக்" எங்கே இருந்து வந்ததுன்னு இப்ப புரியும். அது அறியாமை இல்லை. தமிழோட ஜோடிக் கணக்கு இங்கிலீஷ் சட்டை போட்டுக்கிட்டு வருது. காய்ச்சல் பலமா இருந்தா 'ஹெவி ஃபீவர்'னு சொல்றதும் இதே கதைதான். அங்க மழைதான் 'ஹெவி', காய்ச்சல் 'ஹை', காத்து 'ஸ்ட்ராங்'.

இந்தச் சிக்கல் தாய்மொழியா இங்கிலீஷ் பேசறவங்களுக்குக் கண்ணுலயே படாது. மீனுக்குத் தண்ணி தெரியாத மாதிரி. வெளியில இருந்து வர்றவன் தடுக்கி விழுந்தாத்தான் அங்க கல் இருக்கறது தெரியும். அதனாலதான் இதைக் கண்டுபிடிச்சவங்க எல்லாம் ஆசியாவுல இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த வாத்தியாருங்க.

டாக்கா

முதல்ல மைக்கேல் வெஸ்ட் (1888–1973). இந்தியக் கல்விப் பணியில டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில இருந்தவர். 1926ல் அவர் எழுதின 'பைலிங்குவலிஸம்' ஆய்வுல ஒரு கேள்வி கேட்டார். வங்காளத்துல இங்கிலீஷ் படிக்க ஆரம்பிக்கற பசங்கள்ல நிறைய பேர் பாதியிலேயே நின்னுடறாங்க. அப்படி நின்னு போற பையன் கையில என்ன மிஞ்சும்?

இதுக்கு அவர் பிடிச்ச வார்த்தை எல்.ஐ.சி. ஏஜென்டு சொல்ற வார்த்தை: 'சரண்டர் வேல்யூ'. பாலிசியைப் பாதியில நிறுத்தினா கட்டின பணத்துல கொஞ்சமாவது திரும்பி வரணும் இல்லையா, அது மாதிரி. ஏழெட்டு வருஷம் முழுசா படிச்சாத்தான் பலன்னா, மூணாவது வருஷம் நிக்கறவன் கட்டின பிரீமியம் மொத்தமும் போச்சு. பத்தாவது முடிக்காம பனியன் கம்பெனிக்குள்ள நுழைஞ்ச பசங்களைப் பார்த்து வளர்ந்த எவனுக்கும் இந்த ஒரு சொல் சுருக்குனு தைக்கும்.

அவரோட தீர்வு, எதிர்ல அதிகமா வர்ற வார்த்தையை முதல்ல கொடுங்க, சீக்கிரம் படிக்க வெச்சுடுங்க. 1935ல் ஜேம்ஸ் எண்டிகாட்டோட சேர்ந்து ஒரு அகராதி போட்டார். சுமார் 24,000 சொல் பதிவுகளுக்கு வெறும் 1,490 வார்த்தைகளை மட்டும் வெச்சே விளக்கம். 1953ல் சுமார் 2,000 வார்த்தைகள் கொண்ட அடிப்படைச் சொல் பட்டியல் வெளியாச்சு. பட்டியல் பிரமாதம். ஆனா பட்டியல்ல வார்த்தைங்க தனித்தனியா நிக்கும், ரேஷன் கடை வரிசை மாதிரி. யாரோட யார் வந்தாங்கன்னு வரிசையைப் பார்த்தா தெரியாது.

டோக்கியோ

அந்த இடத்துலதான் ஹெரால்டு பால்மர் (1877–1949) வர்றார். 1922ல் ஜப்பான் கல்வித்துறைக்கு ஆலோசகரா போனார். அடுத்த வருஷமே டோக்கியோவுல இங்கிலீஷ் கற்பித்தல் ஆய்வு நிறுவனம் ஒண்ணு தொடங்கிச்சு. அவரும் முதல்ல எந்த வார்த்தைகளைச் சொல்லித் தரலாம்னு பட்டியல்தான் போட ஆரம்பிச்சார். போகப் போக ஒரு தொந்தரவு. பட்டியல்ல இருக்கற எளிமையான வார்த்தைங்களே ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததும் மாணவனுக்குப் புரியாத வேற ஏதோ ஆயிடுது. 'டேக்' தெரியும், 'பிளேஸ்' தெரியும், 'டேக் பிளேஸ்'னா 'நடந்தது'ன்னு தெரியாது.

அங்க இருந்து அவர் பாதை மாறிச்சு. 1933ல் இங்கிலீஷ் கொலொகேஷன்கள் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டார். சாராம்சம்: சில சொற்கூட்டங்களை உதிரி உதிரியா வாங்கி மாட்ட முடியாது, முழுசா ஒரே உருப்படியாத்தான் மனசுல ஏத்தணும். எங்க பாஷையில சொன்னா, பீஸ் பீஸா வாங்கித் தைக்காதே, தைச்ச பனியனாவே வாங்கிக்கோ :-)

இந்த வேலையில அவரோட இருந்தவர் ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி (1898–1978). 1924ல் ஜப்பானுக்கு வந்து ஒரு மாகாணக் கல்லூரியில இலக்கியம் சொல்லித் தர உட்கார்ந்தவர். பசங்களுக்குத் தேவை இலக்கியம் இல்லை, மொழின்னு சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டார். 1936ல் பால்மர் கிளம்பின பிறகும் இவர் இருந்தார். கேட்டன்பி, வேக்ஃபீல்டுன்னு ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு ஒரு அகராதி தயாரிச்சார். அர்த்தம் மட்டும் இல்லை, வார்த்தை எப்படிப்பட்ட வாக்கியத்துல வரும், யாரோட வரும்னு காட்டற அகராதி. அது 1942ல் டோக்கியோவுல அச்சாச்சு. அப்போ ஜப்பானும் பிரிட்டனும் போர்ல இருந்தன! எதிரி நாட்டு மொழிக்கு எதிரி நாட்டு ஆளுங்க போட்ட அகராதி. 1948ல் அதையே ஆக்ஸ்போர்டு மறுபடி வெளியிட்டது. நம்ம ஊர் லைப்ரரி, காலேஜ் எல்லாத்துலயும் 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்'னு தடியா இருக்கே, அதோட மூதாதை அதுதான். கோடிக்கணக்குல வித்த அந்தப் புத்தகம் பொறந்தது ஜப்பான் பசங்க தடுக்கி விழுந்த இடத்துல.

லாகூர், அப்புறம் லண்டன்

இப்ப ஃபிர்த். ஜான் ரூபர்ட் ஃபிர்த் (1890–1960), யார்க்‌ஷயர்ல கீத்லின்னு ஒரு ஊர்க்காரர். கம்பளி மில்லுகளால வளர்ந்த ஊர். (நூலுக்கும் சொல்லுக்கும் என்னமோ இருக்குங்க.) 1919ல் இருந்து 1928 வரைக்கும் லாகூர்ல பஞ்சாப் பல்கலைக்கழகத்துல இங்கிலீஷ் பேராசிரியர். அப்புறம் லண்டன். 1944ல் பிரிட்டன்லயே முதல் பொது மொழியியல் பேராசிரியர் பதவி அவருக்கு.

நடுவுல ஒரு சுவாரசியம். போர்க்காலத்துல ராயல் ஏர் ஃபோர்ஸ் ஆளுங்களுக்கு அவசரமா ஜப்பானிய மொழி தேவைப்பட்டது. முழு மொழியையும் சொல்லித் தர நேரம் எங்க இருக்கு? விமானிங்க ரேடியோவுல பேசறது குறிப்பிட்ட சில விஷயம், குறிப்பிட்ட சில சொல்லாடல். அதை மட்டும் எடுத்து சொல்லித் தரலாம்னு இறங்கினாங்க. ஒரு வேலைக்குள்ள மட்டும் புழங்கற இந்த மாதிரிக் குட்டி மொழியை 'கட்டுப்படுத்தப்பட்ட மொழி'ங்கற அர்த்தத்துல ஒரு பேர் வெச்சு ஃபிர்த் பின்னாடி எழுதினார். இதை ஓரமா வெச்சுக்குங்க, திருப்பூருக்குத் திரும்பும்போது வேணும்.

1951ல் எழுதின ஒரு கட்டுரையில கொலொகேஷனை மொழியியலோட ஒரு கருத்தா நிறுத்தினார். 'கழுதை'க்கான ஒரு இங்கிலீஷ் சொல்லை மனுஷனைத் திட்ட எப்படிப் பயன்படுத்தறாங்க, அதுக்கு முன்னாடி எந்த எந்த அடைமொழி மட்டும் வருதுன்னு காட்டினார். 'நைட்' அப்படிங்கற சொல்லோட அர்த்தத்துல ஒரு பங்கு அது 'டார்க்'கோட சேர்ந்து வர்றதுலயே இருக்குன்னார். 1957ல் அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் இன்னிக்கு எல்லாப் பாடத்துலயும் வருது: ஆளைப் பத்தித் தெரியணும்னா கூட்டாளியைப் பாருன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்களே, அதையே வார்த்தைக்குச் சொன்னார்.

டீ கதை இப்ப. ஃபிர்த்தோட மாணவர் ஹாலிடே 1966ல் ஒரு உதாரணம் கொடுத்தார். டீ 'ஸ்ட்ராங்'கா இருக்கலாம், 'பவர்ஃபுல்'லா இருக்க முடியாது. கார் 'பவர்ஃபுல்'லா இருக்கலாம், 'ஸ்ட்ராங்' கார்னு சொன்னா என்னமோ மாதிரி இருக்கும். அகராதியில ரெண்டுக்கும் அர்த்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எங்க பக்கம் டீக்கடையில யாரும் "பவர்ஃபுல்லா ஒரு டீ"ன்னு கேட்டதில்லை. ஒரு நாள்கூட இங்கிலீஷ் வகுப்புல உட்காராத ஆள்கூட "ஸ்ட்ராங்கா ஒரு டீ"ன்னுதான் கேட்பார். ஏன்? அந்த ரெண்டு வார்த்தையும் அவர் காதுக்கு வந்ததே ஜோடியாத்தான்.

எண்ண ஆரம்பிச்சாங்க

இது வரைக்கும் எல்லாம் வாத்தியாருங்க காதும் அனுபவமும். இது நிஜம்தானான்னு எண்ணிப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேணும். பர்மிங்ஹாம்ல ஜான் சின்க்ளேர் 1980ல் கோபில்டு திட்டத்தை ஆரம்பிச்சார். உட்கார்ந்து யோசிச்சு உதாரணம் எழுதக் கூடாது, ஜனங்க நிஜமா எழுதினது, பேசினதுல இருந்து மட்டுமே எடுக்கணும். முதன்மைத் தொகுப்புல சுமார் 73 லட்சம் சொற்கள். அதை வெச்சு 1987ல் அகராதி வந்தது.

இதோட உள்வேலை நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப எளிமை. 'லீவ்'னு ஒரு சொல்லை எடு. அது வர்ற எல்லா வரியையும் இழு. அந்தச் சொல் நடுவுல ஒரே நெட்டா நிக்கற மாதிரி அடுக்கு. இடப்பக்கச் சொல்லை வெச்சு சார்ட் பண்ணு. அவ்வளவுதான். 'டேக்', 'டேக்', 'டேக்', 'ஆன்', 'ஆன்', 'கிராண்ட்'னு கூட்டம் கூட்டமா கண்ணு முன்னாடி நிக்கும். பாவுநூல் இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும் பார்க்க. 1990ல் சர்ச், ஹாங்க்ஸ்னு ரெண்டு பேர் இதுக்கு ஒரு கணக்கும் போட்டாங்க: ரெண்டு சொல் தற்செயலா சேர்ந்து வர வாய்ப்பு எவ்வளவு, நிஜத்துல எவ்வளவு தடவை சேர்ந்து வருது? ரெண்டாவது ரொம்ப அதிகம்னா அது ஜோடி. 2013ல் கூகுள்ல வந்த வேர்ட்2வெக்கும் பக்கத்துச் சொற்களை வெச்சே ஒரு சொல்லைக் கத்துக்கற ஏற்பாடுதான்.

நம்ம நாட்டுலயும் எண்ணினாங்க. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்துல எஸ்.வி. சாஸ்திரி தலைமையில, 1978ல் இந்தியாவுல அச்சான இங்கிலீஷ்ல இருந்து 10 லட்சம் சொற்கள் சேர்த்தாங்க. இந்திய இங்கிலீஷைத் திருத்த இல்லை, அது எப்படி இருக்குன்னு பார்க்க.

நமக்கு வந்து சேர்ந்தது எது?

பால்மர் அறிக்கை வந்த அதே 1930கள்லதான் ரென் அண்டு மார்ட்டின் இலக்கணப் புத்தகமும் வந்தது. ரென் பம்பாய்ல கல்விப் பணியில இருந்தவர். நல்ல புத்தகம், இன்னிக்கும் விக்குது. ஆனா அது வாக்கியத்தைப் பிரிச்சுக் காட்டற புத்தகம். எது எதோட சேரும்னு சேர்த்துக் காட்டற புத்தகம் இல்லை.

அப்புறம் 1960ஐ ஒட்டி மெட்ராஸ் மாநிலத்துல ஒரு பெரிய காரியம் நடந்தது. சுமார் 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரப் பயிற்சி. முதல்ல கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அவங்க இன்னும் கொஞ்சம் பேருக்கு, அப்படியே உருண்டு பெருசாகும். அதனால அதுக்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்'னு பேர். (பனியே பார்க்காத ஊர்ல பனிப்பந்து!) அதுல சொல்லித் தந்தது வாக்கிய அமைப்பு முறை. "திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ பென்"னு கையில காட்டிக் காட்டிச் சொல்ற முறை. இந்த முறையோட வேர்லயும் பால்மர், ஹார்ன்பி இருக்காங்க. ஆனா அவங்க வண்டிக்கு ரெண்டு சக்கரம்: ஒண்ணு வாக்கிய அமைப்பு, ஒண்ணு சொற்ஜோடி. நம்ம பள்ளிக்கூடத்துக்கு உருண்டு வந்தது முதல் சக்கரம் மட்டும்னுதான் எனக்குத் தோணுது. 27,000 பேருக்கு வேகமா சொல்லித் தர அமைப்பு வசதி, பத்து அமைப்பைப் படிச்சா நூறு வாக்கியம் செய்யலாம். ஜோடியை ஒண்ணொண்ணாத்தான் சேர்க்கணும். தப்புன்னு சொல்லலை, ஆனா விலை ஒண்ணு இருந்தது.

ஒரே ஒரு இடத்துல மட்டும் நமக்கு ஜோடி முழுசா கிடைச்சது. லீவு லெட்டர்! "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்", "கைன்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்". 'சஃபர்'க்குப் பின்னாடி 'ஃப்ரம்', லீவுக்கு முன்னாடி 'கிராண்ட்', ரெண்டும் அச்சு அசலான ஜோடி. எந்தப் பையனும் இதுல தப்பு விட மாட்டான். கல்யாணத்துக்குப் போனாக்கூட ஃபீவர்லதான் சஃபர் ஆவான், அது வேற விஷயம் :-) பால்மர் 1933ல் சொன்ன வைத்தியம், நமக்குத் தெரியாமலே ஒரு லெட்டர்ல மட்டும் வேலை செஞ்சிருக்கு.

அந்த லெட்டருக்குள்ள இன்னொரு சரித்திரமும் இருக்கு. 'டூ தி நீட்ஃபுல்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' இதையெல்லாம் நம்ம கண்டுபிடிப்புன்னு சிரிக்கறாங்க. 'நீட்ஃபுல்' பிரிட்டன்காரங்களே வியாபார, ஆபீஸ் கடிதங்கள்ல எழுதிட்டிருந்த ஜோடி. அவங்க குமாஸ்தாக்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு, தாங்க மறந்துட்டாங்க. 'ஸ்டேஷன்' வெள்ளைக்கார அதிகாரிங்க தங்கியிருந்த ஊர். 'பாஸ் அவுட்' ராணுவப் பள்ளியில பயிற்சி முடிஞ்சு வெளிய வர்றதுக்கு அங்க இன்னிக்கும் உள்ள சொல். ஆனா சாதாரணப் பேச்சுல அதுக்கு மயங்கி விழறதுன்னு அர்த்தம். "நான் 2019ல் பாஸ் அவுட்"னு சொன்னா வெளிநாட்டுக்காரன் "இப்ப தேவலையா?"ன்னு கேட்பான். நாம தப்பாப் பேசலை. அவங்க ஜோடியை மாத்திக்கிட்டாங்க, நமக்குத் தகவல் வரலை.

ஷிப்மென்ட் இங்கிலீஷ்

திருப்பூருக்கு வருவோம். 1970களோட கடைசியில இருந்து ஏற்றுமதி பிடிச்சது, 1990ல் ஏற்றுமதியாளர் சங்கம் வந்தது. அதுக்கப்புறம் இந்த ஊருக்கு ஒரு தனி இங்கிலீஷ் வந்துச்சு. ஆர்டரை 'பிளேஸ்' பண்ணணும், எல்.சி.யை 'ஓபன்' பண்ணணும், இன்வாய்ஸை 'ரெய்ஸ்' பண்ணணும், டெட்லைனை 'மீட்' பண்ணணும், குவாலிட்டியை 'மெயின்டெயின்' பண்ணணும். ஃபிர்த் சொன்ன அந்தக் குட்டி மொழி இதுவேதான்.

கைமடியா சேர்ந்து, டெய்லராகி, சொந்தமா நாலு மெஷின் போட்டு ஓனரானவங்க இந்தப் பக்கம் எத்தனையோ பேர். எட்டாவது தாண்டாத ஓனர் போன்ல "ஆர்டர் பிளேஸ் பண்ணிட்டாங்களா, எல்.சி. ஓபன் ஆச்சா"ன்னு ஒரு ஜோடி தப்பாம கேட்பார். அதே ஆபீஸ்ல புதுசா சேர்ந்த டிகிரிக்காரப் பையன் "புட் த ஆர்டர்", "ஃபினிஷ் த டெட்லைன்"னு மெயில் டைப் பண்ணுவான். பையன்கிட்ட ரெண்டாயிரம் வார்த்தை இருக்கு. ஓனர்கிட்ட இருநூறு. ஆனா ஓனரோட இருநூறும் ஜோடி ஜோடியா வந்தது, வேலையோட சேர்ந்து வந்தது. பையனோடது புத்தகத்துல இருந்து தனித்தனியா வந்தது.

இது சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லைங்க. மெர்ச்சன்டைசர் வேலை இன்டர்வியூவுல "இங்கிலீஷ் வரலை"ன்னு திருப்பி அனுப்பறாங்களே, அதுல பல பேருக்கு வராதது இங்கிலீஷ் இல்லை. வார்த்தை வரும், இலக்கணம் வரும், ஜோடி வராது. அதை "உனக்கு மொழியே வராது"ன்னு அவன் தலையில எழுதிடறாங்க, அவனும் நம்பிடறான். பஸ் ஸ்டாண்டுல முப்பது நாள் இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கி, மறுபடியும் தனி வார்த்தையா மனப்பாடம் பண்றான். கட்டின பாலிசிக்கே திரும்பவும் பிரீமியம்.

செய்யறதுக்கு ஒண்ணு இருக்கு, பெரிய செலவு இல்லை. நோட்டுல வார்த்தையைத் தனியா எழுதாதீங்க. 'டிசிஷன் – முடிவு'ன்னு எழுதினா பாதி வேலைதான். 'மேக் எ டிசிஷன்'னு எழுதி, நீங்க நிஜமா பார்த்த ஒரு வாக்கியத்தையும் கீழ எழுதுங்க. மெயில்ல வந்தது, பேப்பர்ல வந்தது, சினிமாவுல கேட்டது, எதுவா இருந்தாலும் சரி. சந்தேகம் வந்தா ஜோடி அகராதியே இருக்கு. 1986ல் பி.பி.ஐ. அகராதி, 2002ல் ஆக்ஸ்போர்டு கொலொகேஷன்ஸ் அகராதி. அது வாங்க வசதி இல்லைன்னா சாதாரண லேர்னர்ஸ் அகராதியிலயே அர்த்தத்தைத் தாண்டி உதாரண வாக்கியத்தைப் படிங்க. ஹார்ன்பி அந்தக் காலத்துல மெனக்கெட்டதே அந்த வரிகளுக்காகத்தான். நாமதான் அர்த்தத்தைப் பார்த்துட்டு மூடி வெச்சுடறோம்.

டாக்காவுல வெஸ்ட் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியலை. நூறு ஜோடி தெரிஞ்சவன் எந்த வகுப்புல நின்னாலும் கையில நூறு வேலை செய்யற சொல்லாடல் மிஞ்சும். ஆயிரம் தனி வார்த்தை தெரிஞ்சவன் கையில மிஞ்சறது ஒரு பட்டியல்.

உங்க ஊர்ல, உங்க வேலையில இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழ் வினை எது எது ஜோடியா ஒட்டியிருக்குன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. லேத் பட்டறை, ரைஸ் மில், ஆஸ்பத்திரி, கோர்ட்டு, எதுவா இருந்தாலும் சரி. யாரும் எண்ணாத ஒரு தொகுப்பு நம்ம வாயிலயே இருக்கு, எண்ணிப் பார்ப்போம்.

டிஸ்கி: "பதிவு போட்டேன்"னுதான் நானும் சொல்வேன். அதை மாத்தறதா இல்லை :-)